மாஸ்க் இருக்க எரேசர் எதற்கு? – டிசைன் கேள்வி பதில்

கேள்வி: கறுப்புத் தாளிலிருந்து வாட்டர்கலர் ஓவியம் கசிந்து வெளிவருவதுபோல ஓர் அழைப்பிதழ் செய்கிறேன். ஃபோட்டோஷாப்பில் லேயர் மாஸ்க் போட்டுத் தீட்டினால், ஓவியத்தின் மேலேயே வெள்ளை விழுகிறது. ஏன்?
– வாசகி, சேலம்

பதில்: நீங்கள் தீட்டியது மாஸ்க்கில் அல்ல, ஓவியத்தில். லேயர் என்பது படத்தின் ஓர் அடுக்கு; அதில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைத் திரைதான் மாஸ்க். லேயர்ஸ் பேனலில் அந்த லேயருக்கு இரண்டு சின்னப் படங்கள் இருக்கும்: இடப்பக்கம் ஓவியம், வலப்பக்கம் மாஸ்க். எதன் மூலைகளில் சட்டம் தெரிகிறதோ, பிரஷ் அதில்தான் இறங்கும். மாஸ்க்கை ஒருமுறை கிளிக் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

தாள் கீழே, ஓவியம் மேலே இருக்கட்டும். ஆல்ட் விசையை அழுத்தியபடி, பேனலின் அடியில் உள்ள மாஸ்க் பொத்தானைக் கிளிக் செய்யுங்கள். மாஸ்க் முழுக் கறுப்பாக வரும், ஓவியம் மறைந்துவிடும். இனி வெள்ளை தீட்டிய இடம் தெரியும், சாம்பல் தீட்டிய இடம் மங்கலாகத் தெரியும். பி விசை பிரஷ்ஷை எடுக்கும், டி விசை வெள்ளை கறுப்பை அமைக்கும், எக்ஸ் இரண்டையும் இடம் மாற்றும். கூடிப்போனால் எக்ஸ் தட்டிக் கறுப்பால் மூடுங்கள். எரேசரைத் தொடாதீர்கள், ஓவியத்தில் பட்டால் அது பிக்சலையே தூக்கிவிடும்.

வழவழப்பான வட்ட பிரஷ்ஷில் கசிவு வராது, டார்ச் அடித்தது போலத்தான் இருக்கும். ஓரம் கிழிந்த, சிதறல் உள்ள பிரஷ்ஷாக எடுங்கள். 5×7 அங்குல அழைப்பிதழ் 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 1500×2100 பிக்சல் வரும். அதற்கு 400 முதல் 600 பிக்சல் பிரஷ் சரி. ஒப்பாசிட்டி (ஓர் இழுப்பின் உச்ச அடர்த்தி) 100, ஃப்ளோ (நிறம் வழியும் வேகம்) 15 அளவில் வையுங்கள். ஒப்பாசிட்டியைக் குறைத்தால் ஒரே இழுப்பில் எத்தனை முறை தேய்த்தாலும் அந்த அளவைத் தாண்டாது. ஃப்ளோவைக் குறைத்தால் தேய்க்கத் தேய்க்க ஏறும். கசிவுக்கு வேண்டியது அதுதான். இழுக்காமல் முத்திரை குத்துவதுபோலக் குத்தி, இரண்டு மூன்று குத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷின் கோணத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரே சிதறல் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: திரையில் சுத்தமாக இருந்த பின்னணி, அச்சில் புகை படிந்ததுபோல வருகிறது. மாஸ்க்தான் காரணமா?
– அச்சக வடிவமைப்பாளர், சிவகாசி

பதில்: பெரும்பாலும் அதுதான். கறுப்பு என்று நீங்கள் நினைக்கும் இடம் முழுக் கறுப்பாக இருக்காது. 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையிலான அளவில் 25 இருந்தால்கூட அங்கே ஓவியம் பத்து சதவீதம் தெரிந்துகொண்டிருக்கும். ஆல்ட் அழுத்தி மாஸ்க்கின் சின்னப் படத்தைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் திரை முழுக்கத் தெரியும். அதிலும் கண்ணுக்குச் சிக்காவிட்டால் கன்ட்ரோல் எல் அழுத்தி, வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸைத் திறந்து, வெள்ளை முக்கோணத்தை 40 வரை இடப்பக்கம் இழுங்கள். ஒளிந்திருந்த அழுக்கெல்லாம் பளிச்சென்று தெரியும். எங்கே என்று பார்த்துக்கொண்டு கேன்சல் செய்துவிடுங்கள்.

கறுப்பு முக்கோணத்தை 25க்கு நகர்த்தினாலும் அழுக்கு போகும். ஆனால் ஓரத்தின் மெல்லிய கசிவும் சேர்ந்து போய்விடும். லாசோ என்ற தேர்வுக் கருவியால் வெளிப்பகுதியை மட்டும் வளைத்துக் கறுப்பை நிரப்புவதே மேல். கத்தரித்த உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு நின்றால், பிரஷ்ஷை ஓவர்லே மோடில் வைத்து மாஸ்க்கின் ஓரத்தில் கறுப்பால் தடவுங்கள். சாம்பல் மட்டும் கறுக்கும், முழு வெள்ளை அப்படியே நிற்கும்.

கேள்வி: எழுத்துகளுக்குள் ஓவியம் தெரிய வேண்டும். இதற்கும் லேயர் மாஸ்க்கா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வேண்டாம், மேல் லேயரைக் கீழ் லேயரின் வடிவத்துக்குள் மட்டும் காட்டும் கிளிப்பிங் மாஸ்க் போதும். எழுத்து லேயர் கீழே, ஓவியம் அதற்கு நேர் மேலே. ஓவிய லேயரில் நின்று கன்ட்ரோல் ஆல்ட் ஜி அழுத்துங்கள். பிறகு எழுத்துப்பிழையைத் திருத்தலாம், ஃபான்ட்டை மாற்றலாம், ஓவியத்தை உள்ளே நகர்த்தலாம். ஓரிடத்தில் மங்க வேண்டுமென்றால் அதே ஓவியத்துக்கு லேயர் மாஸ்க்கும் சேர்க்கலாம். ஓவியத்தை நகர்த்தும்போது அந்த மாஸ்க் கூடவே வராமலிருக்க, இரண்டு சின்னப் படங்களுக்கும் நடுவில் உள்ள சங்கிலியைத் தட்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: இலவச மென்பொருளான ஜிம்ப்பில் இதெல்லாம் நடக்குமா?
– மாணவர், திருச்சி

பதில்: மாஸ்க் வேலை தாராளமாக நடக்கும். லேயரை வலது கிளிக் செய்து ஆட் லேயர் மாஸ்க் போய், பிளாக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமியுங்கள்; ஜேபெக்கில் லேயரும் மாஸ்க்கும் ஒட்டிப்போய்விடும், பிறகு திருத்த முடியாது.