அளவீட்டுக் கோப்பில் நேரத்துக்குப் பதிலாக 1704067200 என்று வருவது ஏன்?

அது பிழை அல்ல, அதுதான் நேரம். கருவி ஒவ்வோர் அளவோடும் ஒரு நேரக்குறியையும் பதிகிறது: ஒரு குறிப்பிட்ட தொடக்கத்திலிருந்து எத்தனை விநாடிகள் கடந்தன என்ற எண். இரண்டு அளவுகளுக்கு இடையிலான இடைவெளியைக் கழித்துப் பார்க்கவும், வரைபடத்தின் கிடை அச்சில் புள்ளியை வைக்கவும் தேதியும் மணியும் கலந்த எழுத்தைவிட எண்தான் கணினிக்கு வசதி.

சிக்கலெல்லாம் அந்தத் தொடக்கத்தில்தான். எந்த ஊரிலிருந்து என்று எழுதாத மைல்கல்லில் வெறும் எண்ணைப் படித்து என்ன பயன்? யூனிக்ஸ் என்ற இயங்குதளம் 1970 ஜனவரி 1 முதல் எண்ணுகிறது. கருவிகளின் அளவுகளைப் பதியும் லேப்வியூ மென்பொருள் 1904 ஜனவரி 1 முதல். லேப்வியூவின் எண்ணை யூனிக்ஸ் எண்ணாகப் படித்தால் 2024-இல் எடுத்த அளவு 2090-இல் போய் நிற்கும். (66 ஆண்டுகள் தள்ளிப்போனால் நல்லதுதான், உடனே கண்ணில் படும்.) எக்செல் எண்ணுவது விநாடிகளை அல்ல, நாட்களை; 2024 ஜனவரி 1 அங்கே 45292.

வரைபடம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் கருவியின் கடிகாரம் கெட்டுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1704067200 என்பது உலகப் பொது நேரப்படி 2024 ஜனவரி 1 தொடங்கும் நள்ளிரவு 12, இந்தியாவில் காலை 5.30, ஆகவே மாற்ற வேண்டியது மென்பொருளின் நேர மண்டல அமைப்பைத்தான்.