லியோனில் சில மாதங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரான்ஸின் லியோன் நகரத்துக்கு ஒரு செமஸ்டர் படிக்கவோ சில மாத வேலைக்கோ போகிறவர்கள் கேட்டவை இவை. கொஞ்ச நாள்தானே என்று தள்ளிப்போட்டதால் வந்த சிக்கல்கள்தான் இதில் நிறைய.

கணவரின் ஏழு மாத வேலைக்காக வந்திருக்கிறோம். கடைகளில் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்கள். எனக்கு பிரெஞ்சு தெரியாததால் இந்த அலட்சியமா?

மொழி காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். கடைக்குள் போனதும் முதலில் என்ன சொல்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் "அண்ணே, அரை கிலோ சர்க்கரை" என்று நேரே ஆரம்பிக்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே "போன்ஜூர்" (வணக்கம்) சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால், படியேறி வந்தவர் வாசலில் ஒரு வார்த்தை பேசாமல் நேரே அடுப்படிக்குப் போன மாதிரி. போன புதிதில் நானும் ரொட்டிக் கடையில் இப்படித்தான் விரலை மட்டும் நீட்டினேன். கடைக்கார அம்மா என்னையே பார்த்து "போன்ஜூர்" என்றார். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் ரொட்டியை எடுத்தார். கோபமில்லை, காத்திருந்தார், அவ்வளவுதான்.

கடை, பஸ் டிரைவர், லிஃப்ட், டாக்டரின் காத்திருப்பு அறை, எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். சாயங்காலம் ஆனால் "போன்சுவார்". ஆங்கிலத்தில் பேச வேண்டுமானாலும் முதலில் போன்ஜூர், அப்புறம் "பார்லே வூ ஆங்க்லே?" (ஆங்கிலம் பேசுவீர்களா?) என்று கேளுங்கள். "வூ" என்பது நம் "நீங்கள்", "து" என்பது "நீ". இந்த வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு இது சுலபம். யாராவது "து" போடச் சொல்லும்வரை "வூ" போதும். இரண்டு வாரம் விடாமல் செய்துவிட்டு எழுதுங்கள்.

ஐந்து மாதப் படிப்புக்கு வருகிறேன். வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். நியாயமா?

ஃபர்னிச்சரோடு கூடிய சாதாரண வாடகைக்கு இரண்டு மாதம்வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உங்களைப் போன்றவர்களுக்காகவே 2018-இல் "பாய் மொபிலிதே" என்ற ஒப்பந்தம் வந்தது. மாணவர்கள், பயிற்சிக்கு வருபவர்கள், தற்காலிக வேலைக்கு வருபவர்களுக்கு 1 முதல் 10 மாதம் வரை. இதில் அட்வான்ஸே வாங்கக் கூடாது. ஜாமீன் கேட்கலாம், அதற்கு "விசால்" என்ற இலவச உத்தரவாதம் இருக்கிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இந்த ஒப்பந்தம் போட வீட்டுக்காரருக்குக் கட்டாயம் இல்லை, ஆனாலும் கேட்டுப் பாருங்கள். வீட்டை நீங்களோ தெரிந்தவரோ பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். சாவி வாங்கும் நாளில் வீட்டின் நிலையை எழுதி இருவரும் கையெழுத்திடுவார்கள் ("எத்தா தே லியூ"). சுவர்க் கீறல் முதல் குழாய்க் கசிவு வரை அதில் வரட்டும், போட்டோவும் எடுங்கள்.

விசாவில் வி.எல்.எஸ்.-டி.எஸ். (தங்கும் அனுமதியாகவும் செல்லும் நீண்டகால விசா) என்று இருந்தால், வந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் அதைப் பதிந்து உறுதிசெய்ய வேண்டும். முதல் வாரமே முடித்துவிடுங்கள்.

சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

வீட்டில் சமைத்தால் முடியும். வெளியே கவனம் வேண்டும். லியோனின் பழைய பாணி உணவகங்களான "பூஷோன்"களில் இறைச்சிதான் பிரதானம். சாலட் என்று கேட்டாலும் பன்றி இறைச்சித் துண்டுகள் வரும். "கெனெல்" மைதாக் கொழுக்கட்டை போலத் தெரியும், உள்ளே பெரும்பாலும் மீன். ஆனால் "செர்வெல் த கனூ", அதாவது பட்டு நெசவாளியின் மூளை, பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்: பூண்டும் தழைகளும் கலந்த புதுப் பாலாடைக்கட்டிதான்.

துவரம்பருப்புக்குப் பதில் சூப்பர் மார்க்கெட்டில் "லான்தீய் கொராய்" என்ற செம்பருப்பு கிடைக்கும். தேங்காய்ப்பால், புளி, அரிசிக்கு கியோத்தியேர் பகுதியின் ஆசியக் கடைகள். ஊரிலிருந்து நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரத் தடை, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். சாம்பார் பொடி போதும்.

ராத்திரி காய்ச்சல் வந்தால்?

அவசரமென்றால் 15 அல்லது 112. சாதாரணக் காய்ச்சலுக்கு, பகலில் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையில் கேட்டால் ஆலோசனையும் கிடைக்கும். நம் பாராசிட்டமாலை அங்கே "தோலிப்ரான்" என்று கேளுங்கள். ஆன்டிபயாட்டிக் பொதுவாக டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்காது. வழக்கமாக மாத்திரை சாப்பிடுபவர்கள் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதிய சீட்டைக் கொண்டுபோகவும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடிக் கிடக்கிறது, அறையில் தனியாக அழுகை வருகிறது.

வருத்தமாக இருக்கிறது தம்பி. மளிகையைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு காலை சோன் ஆற்றங்கரையில், சேன்ட் அந்த்வான் கரைச் சந்தைக்குப் போங்கள். பழம் விற்பவரிடம் போன்ஜூர் சொல்லி ஒரு ஆப்பிளாவது வாங்குங்கள். பிறகு பழைய லியோனிலிருந்து ஃபூர்வியேர் குன்றுக்கு இழுவை ரயில் இருக்கிறது, ஊர்க்காரர்கள் அதை "ஃபிசெல்", கயிறு என்பார்கள். மேலே ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கின் கல்படிகளில் இலவசமாக உட்காரலாம். அங்கிருந்து வீட்டுக்கு வீடியோ கால் போடுங்கள். அம்மாவும் பார்க்கட்டும்.