விழுந்து எழுந்தவர்கள் தலைமை பற்றி என்ன கற்றுக்கொண்டீர்கள்? – ஒரு பனியன் கம்பெனிக்காரரின் பதில்

கேள்வி கேட்டவர், வேலை போய் எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இப்போது வேறு இடத்தில் பத்துப் பேருக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்த தலைமை ஒரு தகரக் கொட்டகைக்குள் அடங்கிவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனி, அதிகபட்சம் முப்பத்து நாலு பேர். அதை ஒருமுறை மூடி, ஏழு வருடம் கழித்து மறுபடி திறந்தவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

2003-ல் எட்டு மெஷினோடு ஜாப் ஒர்க் ஆரம்பித்தேன். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுக்க வேண்டும், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. 2010 கடைசியில் ஆசை வந்துவிட்டது. ஒரு பையிங் ஏஜென்ட் மூலம் நேரடியாக ஐரோப்பிய ஆர்டர் பிடித்தேன், 18,000 டி-ஷர்ட். நூல் வாங்கி, நிட்டிங் முடித்து, மூன்று டன் துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பியது 2011 ஜனவரி மூன்றாவது வாரம். 28-ம் தேதி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏகப்பட்ட உப்புச் சேர்க்க வேண்டும். கழிவிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டாலும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும். அது நொய்யல் ஆற்றில் போய், கரையோரக் கிணறுகளில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்குகிற குட்டையாகிவிட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே வரக்கூடாது என்று 2006-லேயே தீர்ப்பு வந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் கெடு வைத்தது. அதாவது நாலு வருடமாக ஊருக்கே தெரிந்த விஷயம். அது தெரிந்தும் கையில் இருந்ததை எல்லாம் ஒரே ஆர்டரில் போட்டேன். கேட்டவர்களிடம் "திடீர்னு மூடீட்டாங்க" என்றேன்.

இதில் எங்கள் வீட்டுக் கதையும் கலந்திருக்கிறது. அப்பா அந்த அணைக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். கிணறு கரித்து, தென்னை பட்டுப்போய், நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு டவுனுக்கு வந்தார். என் முதல் எட்டு மெஷின் அந்தப் பணத்தில் வாங்கியது. உத்தரவுச் செய்தியை டிவியில் பார்த்துவிட்டு, "நல்ல காரியம் பண்ணியிருக்காங்க. இருவது வருசத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்கோணும்" என்றார். என் துணி பட்டறைக்குள் கிடப்பது அவருக்குத் தெரியாது. என் பேருக்கு அவர் எழுதிவைத்த வீட்டின் பத்திரம் பேங்கில் இருப்பதும் தெரியாது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் தொழிலில் சனிக்கிழமை சம்பள நாள். அந்தப் பிப்ரவரியில் நாலு சனிக்கிழமையும் ஒரே வசனம்தான்: "அடுத்த வாரம் துணி வந்துரும்." முதல் இரண்டு வாரம் மிச்சமிருந்த ஜாப் ஒர்க்கை வைத்து ஓட்டினேன். மூன்றாவது வாரம் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட்டேன். நாலாவது வாரம் பாதிச் சம்பளம். சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், முப்பத்து நாலு பேர் முன்னால் நின்று "எனக்குத் தெரியல" என்று சொல்ல வாய் வரவில்லை.

துணி வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் பேக்கரியில் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டார்: "உங்க ஓனர் துணி உள்ள பூட்டிக் கெடக்குது, பட்டறைக்குக் கரண்டே இல்ல." திங்கட்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். புதன்கிழமை நாலு பேர். யாரும் சண்டை போடவில்லை. ஆறு வருடமாக இருந்த ஓவர்லாக் மெஷின் டெய்லர் மட்டும் கணக்கு முடிக்க வந்தபோது சொன்னார்: "துணி வராததுக்கு நீங்க என்னங்கண்ணா பண்ணுவீங்க. சொல்லியிருந்தா ஒரு மாசம் ஊர்ல கரும்பு வெட்டீட்டுத் திரும்பி வந்திருப்போம்."

ஏப்ரலில் துணி வந்தது. பட்டறையிலிருந்து மீட்டு, லூதியானாவரை அனுப்பி, கூடுதல் விலையில் சாயம் போட்டு வாங்கியாகிவிட்டது. தைக்க ஆள் இல்லை. கான்ட்ராக்டரைப் பிடித்து இரண்டு மடங்கு கூலிக்குத் தைத்தும் கப்பலுக்குப் பிந்திவிட்டது. பாதிச் சரக்கை விமானத்தில் அனுப்பினேன், மீதியைத் தள்ளுபடிக்குக் கொடுத்தேன். மொத்தத்தில் 23 லட்சம் கடன். பட்டறை மூடியதால் கம்பெனி போனது என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், சாயத்தில் ஏறிய செலவைத் தாங்கியிருக்கலாம். பத்து டெய்லர் கூட இருந்திருந்தால் விமானக் கூலி வந்திருக்காது.

வீட்டிலும் அதே கதை. பேங்க் ஆட்கள் நோட்டீஸ் ஒட்ட வந்தபோது அப்பா மட்டும்தான் இருந்தார். பத்து நாளில் அவருக்குப் பக்கவாதம். பல வருடமாகவே ரத்தக் கொதிப்பு இருந்தது, இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதை நான் பாதிதான் நம்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பேச்சுக் கொஞ்சம் திரும்பியதும், குழறலாக அப்பா கேட்டது இது: "நெலம் போனப்ப நான் உங்கிட்ட மறைச்சனா?"

மறைக்கவில்லை. காலேஜ் படித்துக்கொண்டிருந்த என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "வித்தறலாம்னு இருக்கறேன்" என்றார். ஒரு குடும்பத்துக்குக் கெட்ட சேதி சொல்வது எப்படி என்பதை அவர் எனக்கு அப்போதே காட்டியிருக்கிறார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

அடுத்த ஏழு வருடம் வேறொரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், அதாவது ஒரு வரிசை தையல் மெஷின்களுக்குப் பொறுப்பாளர். மேனேஜர் என்னைவிட எட்டு வயது சின்னவர். முதல் மாதம் தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வண்டியை அடுத்த வீதியில் நிறுத்திவிட்டு நடந்து போவேன். அந்த வெட்கம் மூன்று மாதத்தில் போய்விட்டது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது ஒரு நேவி புளூ டி-ஷர்ட் ஆர்டரைப் பற்றி. ஒரே நிறம்தான் என்றாலும் ஒவ்வொரு சாய லாட்டுக்கும் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) இம்மி வித்தியாசம் இருக்கும். அதனால்தான் வெட்டியதும் ஒவ்வொரு பீஸுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரே லாட் துணியிலிருந்து உடம்பும் கையும் சேருகிற மாதிரி பண்டில் கட்டுவார்கள். எங்கேயோ இரண்டு லாட் கலந்துவிட்டது. டியூப்லைட்டில் தெரியாது, வெயிலில் எடுத்துப் பார்த்தால் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம். 1,400 பீஸ் பேக்கிங் முடிந்து பெட்டிக்குள் போன பிறகு கண்டுபிடித்தார்கள். மேனேஜர் செக்கிங் டேபிளுக்குப் போய் விசாரித்தார். ஒரு அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "மொத நாளே பார்த்தனுங்க சார்."

ஏன் சொல்லவில்லை? போன மாதம் அவர் ஊசி ஓட்டையைக் கண்டுபிடித்து லைனை நிறுத்தச் சொன்னபோது, "உங்க வேலையை மட்டும் பாருங்க" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார். அந்தச் சூப்பர்வைசர் நான்தான்.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. ஒரு மாதத்துக்குச் செக்கிங் டேபிளிலேயே உட்காரச் சொன்னார். காலையில் வருகிற முதல் பீஸை ஜன்னல் வெளிச்சத்தில் அந்த அக்காவோடு சேர்ந்து நானும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாய்க்கு ருசியாக இல்லாத வேலை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. என் கம்பெனியில் சேதி மேலேயிருந்து கீழே போகவில்லை, நான் அடைத்துவைத்தேன். இங்கே கீழேயிருந்து மேலே வரவில்லை, அதையும் நான்தான் அடைத்தேன். ஆள் ஒருவன், குணம் ஒன்று, அடைத்த திசைதான் வேறு. கெட்ட சேதியைச் சொல்லவும் தெரியாமல் கேட்கவும் தெரியாமல் இத்தனை வருடம் "ஓனர்" என்று கூப்பிடக் கேட்டிருக்கிறேன்.

2018-ல் வாடகைக்குப் பன்னிரண்டு மெஷின் எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். மனைவி போட்ட ஒரே நிபந்தனை, சனிக்கிழமை ராத்திரி கணக்கு நோட்டை அவர் பார்க்க வேண்டும் என்பது. இன்றைக்கும் பார்க்கிறார்.

முதல் வருடம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று, பேமென்ட் இரண்டு நாள் தள்ளினால்கூடக் கட்டிங் டேபிளில் நின்று புலம்புவேன். இரண்டு நல்ல டெய்லர்கள் வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். ஒருவர் போகும்போது, "எப்பப் பார்த்தாலும் எங்களுக்குப் பகீர்னு இருக்குதுங்கண்ணா" என்றார். அதிலிருந்து ஒரு வரையறை வைத்துக்கொண்டேன்: அவர்கள் சம்பளத்தைத் தொடுகிற விஷயமா, என்னிடம் தொகையோ தேதியோ இருக்கிறதா? இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவது. வெறும் என் வயிற்றுக் கலக்கம் என்றால் அது எனக்கும் நோட்டுக்கும்.

2020 மார்ச்சில் இதற்குச் சோதனை வந்தது. 24-ம் தேதி ராத்திரி ஊரடங்கு அறிவிப்பதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, இருபத்திரண்டு பேரையும் கட்டிங் டேபிளைச் சுற்றி நிற்க வைத்து, துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸால் டேபிள் மேலேயே எழுதினேன். கையில் 3,40,000. வர வேண்டியது 11 லட்சம், அதில் நம்பக்கூடியது 4 லட்சம், எப்போது வரும் என்று தெரியாது. வாரச் சம்பளம் 88,000. முழுச் சம்பளம் என்றால் நாலு வாரம்கூடத் தாங்காது, பாதி என்றால் ஏழு வாரம். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரிசாப் பையன்கள் மூன்று பேருக்கு இன்னொருவர் இந்தியில் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு செக்கிங்கில் இருந்த ஒரு அம்மா, "பொட்டப் புள்ளைகளை வெச்சிருக்கறவங்களுக்கு முழுசாக் குடுங்க, தனி ஆளுகளுக்குக் குறைச்சுக்கங்க" என்றார். எனக்குத் தோன்றாத யோசனை. தனி ஆள்களே ஒத்துக்கொண்டார்கள்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கட்டிப்பிடித்து, கம்பெனி பிழைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரிசாப் பையன்கள் மே மாதம் சிறப்பு ரயில் விட்டதும் போய்விட்டார்கள், திரும்பவில்லை. ஜூனில் வந்தது ஒன்பது பேர். அவர்களை வைத்து மாஸ்க் தைத்தோம், லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 2011-ல் நாலு பேர், 2020-ல் ஒன்பது பேர். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் ஒன்பது பேர் இருந்தால் ஒரு லைன் ஓடும்.

தோல்வி நல்லது, அதுதான் ஆசான் என்றெல்லாம் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அந்த 23 லட்சத்தை அடைக்க ஒன்பது வருடம் ஆனது. அப்பாவின் வலது கை கடைசிவரை மடங்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை இவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. எட்டு மாதம் வீட்டில் இருந்த கதையை அந்தப் பத்துப் பேரிடம் முதல் நாளே விரிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு அதில் ஒன்றும் ஆகப்போவதில்லை. மேலிடத்தில் ஆள் குறைப்பு என்று பேச்சு வந்து, உங்களுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டால், டீக்கடைப் பேச்சாக வருவதற்கு முன்னால் உங்கள் வாயிலிருந்து வரட்டும். அப்புறம், உங்களிடம் முதலில் கெட்ட சேதி கொண்டுவருகிற ஆளை மற்ற ஒன்பது பேரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். அவர் என்ன முகத்தோடு திரும்பிப் போகிறார் என்று.

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது ஞாபகம் இருக்கும். எனக்கு வேலை கொடுக்கிற ஏற்றுமதிக் கம்பெனிக்குப் பாதி ஆர்டர் அமெரிக்கா. அந்தச் சனிக்கிழமை மறுபடியும் சாக்பீஸை எடுத்தேன்: கையில் எத்தனை வாரத்துக்கு வேலை இருக்கிறது, அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. எழுதி முடிப்பதற்குள்ளேயே சிலர் முகம் மாறியது. திங்கட்கிழமை மூன்று பேர் கணக்கு முடித்துக்கொண்டார்கள், அதில் ஒருவர் என்னிடம் இருந்த நல்ல பிளாட்லாக் மெஷின் டெய்லர். அவர் இடத்துக்கு இன்னும் சரியான ஆள் அமையவில்லை.