ஊரில் மழையா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், பினாங்கிலிருந்து என் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு எழுதிய ஏரோகிராம்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ரம்புத்தான் காய்த்தது, மழையில் கூரை ஒழுகியது என்று அவர் எழுதும் செய்திகள். அந்த நாலு வரிக்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளிடம் இதைக் கேட்டால் பதில் கொஞ்சம் நீளத்தான் செய்யும்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேர். சம்பா நாற்றங்கால் படம் ஒன்று போட்டேன். மூன்று கட்டைவிரல் வந்தது. அடுத்த நிமிடமே ஒருவர் சர்க்கரை நோய்க்கு வெண்டைக்காய் வைத்தியம் அனுப்பினார். இனிமேல் ஊர்ச் செய்தி போடுவதை நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

நிறுத்தாதீர்கள். ஆனால் வெறும் படத்தைப் போடாதீர்கள். சென்னையில் பிறந்து டல்லாஸில் வளரும் உங்கள் அத்தை பேரனுக்கு அது நாற்றங்காலா புல்தரையா என்று எப்படித் தெரியும்? கூடவே எழுதுங்கள்: ‘தாத்தாவின் மேலவயல். போன வருடம் இந்நேரம் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. இப்போது நாற்று இருபது நாள். மழை விட்டால் வெள்ளிக்கிழமை நடவு.’ எந்த இடம், யாருடையது, போன வருடத்துக்கு இப்போது எப்படி. இவ்வளவு இருந்தால் ஊரைப் பார்க்காதவனும் வெள்ளிக்கிழமை மழை விட்டதா என்று கேட்பான்.

இன்னொன்று. அறுபது பேரையும் பார்த்துப் பேசினால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு ஆளைப் பிடியுங்கள். ‘பெரிய மாமா, நீங்கள் பண்ணையம் பார்த்தபோது மேலவயலில் என்ன நெல் போட்டீர்கள்?’ மாமா உடனே ஆடுதுறை 27 என்பார். சின்ன மாமா, இல்லவே இல்லை, ஐ.ஆர்.8 என்பார். மூன்றாவதாக ஒரு சித்தி வந்து, சாப்பிட்டது நாங்கள், சமைத்தது நான், அது பொன்னி என்பார். ராத்திரி வரை குழு தூங்காது. வெண்டைக்காய் வைத்தியம் எங்கேயோ மேலே போய்விடும்.

என் அப்பா இதில் கெட்டிக்காரர். இன்லாண்ட் லெட்டரில் ‘இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று ஒரு வரி எழுதுவார். அதற்கடுத்த வரியிலேயே தண்ணீர் வந்துவிடும்: நம் வாய்க்காலுக்கு இன்ன தேதி வந்தது, கீழவரப்பு உடைந்தது, அடைத்தாகிவிட்டது. ஒட்டுகிற மடிப்பு வரை இதுதான். பம்பாய் மாட்டுங்காவில் இருந்த பெரியப்பாவுக்கு அந்த நிலத்தில் ஒரு குழிகூடப் பங்கு இல்லை, எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனாலும் எந்த வரப்பு எந்த வருடம் உடைந்தது என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும். பதிலுக்கு அவர், ஜூனில் அங்கே மழை பிடித்ததையும் தாதரில் ரயில் நின்றுபோனதையும் எழுதுவார். மழைக்காகக் காத்திருக்கும் எங்களுக்கு, மழையைத் திட்டி ஒருவர் எழுதுவது வேடிக்கையாக இருக்கும்.

ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் மேலும் ரொம்பக் கோபப்படாதீர்கள். அந்த வழக்கம் வாட்ஸ்அப்பில் பிறந்ததில்லை. வாழ்த்துத் தந்தியில் தீபாவளிக்கு ஒரு எண், கல்யாணத்துக்கு ஒரு எண் என்று வாசகங்கள் தயாராக இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும், அதே வாசகம் ஊரெல்லாம் போகும். எங்கள் குழுவில் தினம் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ அனுப்புகிற பெரியம்மா மகன் ஒருவர் இருக்கிறார். ரோஜா வராத அன்றைக்கு யாராவது ஃபோன் போட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிடுகிறோம். அதனால் ரோஜா இருக்கட்டும்.

நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கும்பகோணம் பக்கம் விவசாயம் பார்க்கும் பெரியப்பா மகனுக்கு மாதம் ஒரு முறை ஃபோன் செய்கிறேன். ‘என்ன அண்ணா விசேஷம்?’ என்றால் ‘ஒண்ணுமில்லம்மா’ என்கிறார். அப்புறம் பேச்சே இல்லை. என்னதான் கேட்பது?
– வாசகி, பெங்களூர்

என்ன விசேஷம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். சிலர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில்கூட அப்படித்தான் சொல்வார்கள். மாதத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

ஜூனில் மேட்டூரைக் கேளுங்கள். அணை திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலைக் கடைசி வரை இழுத்துவிட்டது. அந்தத் தேதியை வைத்துத்தான் உங்கள் அண்ணனின் வருடமே நடக்கிறது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் ஆகும். அங்கிருந்து கடைமடைக்கு, அதாவது பாசனத்தின் கடைசி வயல்களுக்கு, போக இன்னும் எத்தனையோ நாள். ஆகவே ‘மேட்டூர் திறந்தாச்சாமே’ என்று நின்றுவிடாமல், ‘நம் வாய்க்காலுக்கு வந்ததா?’ என்று கேளுங்கள். முதல் கேள்வியைப் பேப்பர் படித்தவர் யாரும் கேட்கலாம். இரண்டாவது கேள்வி வீட்டு மனிதர்கள் கேட்பது.

ஆடிப்பெருக்கன்று, ஆற்றில் தண்ணீர் ஓடியதா, குழாயடியிலேயே கும்பிட்டார்களா என்று அண்ணியிடம் கேளுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு பக்கம் குறுவை என்கிற குறுகிய கால நெல்லின் அறுவடை, இன்னொரு பக்கம் மழை. அப்போது கேட்க வேண்டியது, நெல் சாய்ந்துவிட்டதா, கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொண்டார்களா என்பது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே வாங்க மாட்டார்கள். சில வருடங்களில் அரசு தளர்த்தும், சில வருடங்களில் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குறுவை அறுத்த வயலில் மறுபடி நடுவது தாளடி. குறுவை போடாமல் ஆவணி வாக்கில் தொடங்குவது சம்பா. உங்கள் அண்ணன் இந்த வருடம் எதைச் செய்கிறார் என்பது ஒரு நல்ல அரை மணி நேரப் பேச்சு. எங்கள் பக்கத்து ஆட்கள் அதற்குள் மோட்டார், கரண்ட், வங்கிக் கடன், மைத்துனர் எல்லாரையும் இழுத்துவிடுவார்கள்.

தையில் அறுவடை. அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். தெளித்தாச்சா என்று கேளுங்கள். கேட்டால் பங்குனியில் உங்களுக்கு ஒரு பை உளுந்து வந்தாலும் வரும். சித்திரையில் கேட்க மாங்காய் இருக்கிறது. அதற்கு நான் சொல்லித்தர வேண்டாம்.

டொரண்டோவில் இருக்கிறேன். மயிலாடுதுறையில் இருக்கும் அம்மாவுக்கு பனிப் படங்கள் அனுப்பினால் ‘ஐயோ, ஸ்வெட்டர் போட்டுக்கோ’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அம்மாவுக்கு இங்குள்ள பருவம் எதுவும் புரியவில்லையோ?
– வாசகர், டொரண்டோ

மயிலாடுதுறையில் மார்கழி விடியற்காலையில் 20, 21 டிகிரி இருக்கும். அதற்கே காதில் துண்டு கட்டிக்கொண்டு கோலம் போடுகிறவரிடம் மைனஸ் 15 என்றால் பயப்படாமல் என்ன செய்வார்? படத்தில் தெரு வெள்ளையாக இருக்கிறது, அவருக்குத் தெரிந்த பொருள் ஒன்றும் அதில் இல்லை. கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைத்த நாளைச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் நம் ஆட்கள் வீட்டில் குளிர்காலம் அன்றைக்குத்தானே தொடங்குகிறது! எந்த ஜன்னல் ஓரம் வைத்தீர்கள், எத்தனை இலை உதிர்ந்தது என்று அம்மா கேட்பார். மோர் ஊற்றச் சொல்வார். மே மாதம் தொட்டி வெளியே போகும் வரை அது ஓடும்.

மார்ச்சில் மேப்பிள் மரத்தைச் சொல்லுங்கள். ராத்திரி உறைந்து பகலில் உருகினால்தான் மரத்தில் சாறு இறங்கும். ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் பார்த்த தலைமுறைக்கு இது உடனே பிடிபடும். விறகா, கேஸா என்றுகூடக் கேட்பார்.

நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவீர்களே, அதை மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதுவரை ஒன்பதரை மணி வித்தியாசம், அதற்குப்பிறகு பத்தரை. நீங்கள் வழக்கம்போல் காலை ஒன்பதுக்குக் கூப்பிட்டால், ஆறரைக்கு வந்துகொண்டிருந்த ஃபோன் அம்மாவுக்கு ஏழரைக்கு வரும். அது சீரியல் நேரம். பையன் ஏன் மாறிவிட்டான் என்று இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் வருவதற்கு இது ஒன்றே போதும்.

எங்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு. குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஒரு வரியில் அந்தச் செய்தி வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி அதைப் பார்க்காமல் பொங்கல் வாழ்த்து போட்டுவிட்டான். பெரிய மனக்கசப்பு ஆகிவிட்டது. யார் மேல் தப்பு?
– வாசகி, மன்னார்குடி

தம்பி மேல் இல்லை. கல்யாணக் கடிதம் நாலு மூலையிலும் மஞ்சளோடு வரும். கருமாதிக் கடிதத்துக்குக் கறுப்பு ஓரம். பிரிக்கும் முன்பே கை அறிந்துகொள்ளும். சாவுச் செய்தியைப் படித்தவுடன் கிழித்துப் போடுவார்கள், வீட்டில் வைக்க மாட்டார்கள். குழுவில் எல்லாம் ஒரே நிறத்தில் வருகிறது.

பங்காளி வீட்டுச் சாவு என்றால் அந்த வருடம் பண்டிகை இல்லை என்பது பல வீடுகளில் வழக்கம். அப்படிப்பட்ட செய்தியை, தீட்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் வாயால்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒருவர் என்று நாலு பேர் பிரித்துக்கொண்டு ஃபோன் செய்தால் ஒரு மணி நேர வேலை. அதற்குப்பிறகு குழுவில் போடட்டும். உங்கள் தம்பியை ஒரு தடவை அந்த வீட்டுக்குப் பேசச் சொல்லுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம், துக்கம் விசாரித்தால் போதும்.

புயல் வந்தால் வெளிநாட்டிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். கஜாவின்போது பேட்டரி தீர்ந்ததே அதனால்தான்.
– வாசகர், பட்டுக்கோட்டை

2018 நவம்பர் 16 விடியற்காலையை உங்கள் பக்கத்தில் யார் மறப்பார்கள்? தென்னை சாய்ந்த கணக்கை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஐப்பசி பிறக்கும்போதே திருச்சியிலோ மதுரையிலோ இருக்கும் ஒரு உறவினரைச் செய்திக்கு என்று பேசி வையுங்கள். நீங்கள் அவருக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்புங்கள், சிக்னல் மெலிந்தாலும் அது போய்விடும். மற்றவர்கள் எல்லாம் அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன் என்கிற மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. அவர் நம்பரை இரண்டு நாள் எடுக்காதீர்கள்.

பேரக்குழந்தைகள் மெல்பர்னில். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. நான் எழுதுவது வீண்தானே?
– வாசகி, சேலம்

பேசி அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பொங்கல் பானை பொங்கும் சத்தம், மழை ஓட்டில் விழும் சத்தம் எல்லாம் அதிலேயே போகும். அவர்களுக்குப் பொங்கல் நடுக்கோடையில், பள்ளி விடுமுறையில் வருகிறது. நீங்கள் போர்வைக்குள்ளிருந்து பேசினால், அவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்வார்கள். ஏன் இப்படி என்று அவர்களே கேட்கட்டும், பூமி சாய்ந்து சுற்றுவதை அவர்கள் அப்பா சொல்லிக்கொடுக்கட்டும். அவருக்கும் ஒரு வேலை வேண்டும்.

நீங்கள் இன்னும் கடிதம் எழுதுகிறீர்களா, அல்லது எங்களுக்கு உபதேசம் மட்டும்தானா?
– வாசகர், காரைக்குடி

எழுதுகிறேன். அஞ்சலட்டை இன்னமும் 50 பைசாதான். தபால்காரர் முதல் வாசல் பெருக்குகிறவர் வரை எல்லோரும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் பணம் காசு விவரமெல்லாம் அதில் எழுதுவதில்லை. இந்த வருடம் கிளிமூக்கு மாமரம் பூத்தது, பாதி கொட்டிவிட்டது, மிச்சத்தில் உனக்குப் பத்து என்று காரைக்காலில் இருக்கும் தங்கைக்குப் போன வாரம் போட்டேன். பத்து போதாதாம். பதில் வாட்ஸ்அப்பில் வந்தது.