மோஜிட்டோ ஏன் கசந்தது?

உச்சிப்புளியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாராம். அவருக்கு மோஜிட்டோ என்றால் உயிர். அன்றைக்கு ஆறு பேருக்கு வீட்டிலேயே செய்து கொடுத்து அசத்தலாம் என்று தம்பி ஒத்திகை பார்த்திருக்கிறார். டாஸ்மாக்கில் வாங்கிய டார்க் ரம், கைநிறையப் புதினா, நான்காக நறுக்கிய எலுமிச்சை, சீனி எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, மண்டபத்தில் வாங்கி வந்த ஐஸை உடைத்துப் போட்டு, சோடா ஊற்றியிருக்கிறார். "வாயில் வைக்க முடியவில்லை. ஒரே கசப்பு, கூடவே லேசாக உப்பு. எங்கே தப்பு? வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்து வேறு என்ன ரம் காக்டெய்ல் செய்யலாம்?" என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் அந்த ஐஸைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது, இது வயிறு சம்பந்தப்பட்டது. துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாகக் கிடைக்கும் ஐஸ், மீனுக்காகச் செய்தது. குடிக்கிற தண்ணீரில்தான் உறைய வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. லாரியில் ஏற்றி, சாக்கில் சுற்றி, தரையில் இழுத்து வருகிற ஐஸ் அது. அதை கிளாஸில் போடவே கூடாது. உங்கள் உப்பு ருசியும் பெரும்பாலும் அதில் இருந்து வந்ததுதான். நம் கடற்கரையில் போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கும் ஐஸுக்கும் காவிரிக் குடிநீரைக் காய்ச்சி ஆற வைத்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கேன் தண்ணீர். ஃப்ரீசரில் மீன் இருந்தால் ஐஸ் ட்ரேயை மூடி வையுங்கள். ஐஸ் பக்கத்தில் இருக்கிற வாசனையை இழுத்துக்கொள்ளும்.

சரி, கசப்பு. நான் பதினோரு வருஷம் கப்பலிலும் வளைகுடா ஹோட்டல்களிலும் பார் கவுண்டரில் நின்றவன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் புதினாவைத் துவையலுக்கு நசுக்குவது போல நசுக்கிக்கொண்டிருந்தேன். சீனியர் ஒருவர் வந்து கையில் இருந்த மத்தை வாங்கிக் கீழே வைத்தார். இரண்டு இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, மறு கையால் ஒரே தட்டு தட்டி என் மூக்கருகே நீட்டினார். அறையே மணந்தது. பிறகு நான் நசுக்கியதில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். புல்லை மென்றது போல இருந்தது. புதினாவின் மணம் இலையின் மேல்தோலில் இருக்கிறது, தட்டினாலே வந்துவிடும். இலையைக் கிழித்து அரைத்தால் உள்ளே இருக்கும் பச்சையமும் சாறும் சேர்ந்து வரும், அதுதான் கசப்பு. எலுமிச்சையும் அப்படியே. சாறு புளிக்கும். தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதையும் விதையும் கசக்கும். நீங்கள் மூன்றையும் பிளேடில் விட்டிருக்கிறீர்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். உயரமான கிளாஸில் 20 மில்லி எலுமிச்சைச் சாறு, இரண்டு டீஸ்பூன் சீனி போட்டு, சீனி கரையும்வரை கலக்குங்கள். எட்டுப் பத்துப் புதினா இலையைத் தட்டிப் போட்டு, கரண்டிக் காம்பால் மெதுவாக இரண்டு அழுத்து, போதும். ரம் 60 மில்லி. கிளாஸ் நிறைய ஐஸ். மேலே 90 மில்லி சோடா ஊற்றி, அடியில் இருந்து ஒரே ஒரு முறை தூக்கிக் கலக்குங்கள். மோஜிட்டோ ஹவானா ஊர்ச் சரக்கு. அங்கே வெள்ளை ரம்மில்தான் செய்வார்கள். டார்க் ரம்மிலும் செய்யலாம், ஆனால் அதில் இருக்கும் வனிலா வாசமும் கருகிய சீனி வாசமும் புதினாவோடு முட்டிக்கொள்ளும். அண்ணன் வரும்போது விமான நிலையத்தில் ஒரு பாட்டில் வெள்ளை ரம் வாங்கிவரச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர் 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம். காரைக்காலில் விலை குறைவு என்று அங்கிருந்து பாட்டில் கொண்டுவர நினைக்காதீர்கள், தமிழ்நாட்டுச் சட்டப்படி அது குற்றம்.

ஆனால் மோஜிட்டோவுக்கு முன்னால் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது டைக்கிரி. கியூபாவில் சாந்தியாகோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கடலோரச் சுரங்க ஊரின் பெயர் அது. ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கச் சுரங்க இன்ஜினியர் 1890களின் கடைசியில் அங்கே இதைக் கலந்தார் என்று சொல்வார்கள். ரம், எலுமிச்சை, சீனி, இவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இடமில்லாத பானம் என்பதால் புதிதாக வேலைக்கு வருகிறவனை நாங்கள் இதைச் செய்யச் சொல்லித்தான் சோதிப்போம். 60 மில்லி ரம், 20 மில்லி சாறு, 20 மில்லி சீனிப்பாகு. இந்த மூன்று, ஒன்று, ஒன்று என்ற அளவு கைக்கு வந்துவிட்டால் ரம் காக்டெய்லில் பாதி வந்த மாதிரி. மோஜிட்டோ என்பதே இதோடு புதினாவும் சோடாவும் சேர்ந்ததுதான்.

பாகு என்றதும் அம்மாவிடம் கேட்டுக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சிவிடாதீர்கள். ஒரு டம்ளர் சீனிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், சீனி கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் மூன்று வாரம் இருக்கும். சாறு அப்படியில்லை, அன்றன்று பிழிந்ததுதான். காலையில் பிழிந்த சாறு ராத்திரிக்கு மணம் போய் ஒரு காறல் வந்துவிடும். பாட்டில் சாறு வேண்டவே வேண்டாம்.

அளக்க ஜிக்கர் இல்லையே என்றால், இருமல் மருந்தோடு வரும் மூடியைப் பாருங்கள், 5 மில்லி, 10 மில்லி என்று கோடு இருக்கும். ரம்முக்குப் புதிதாக ஒரு பால் பாட்டில் வாங்கினால் 30, 60, 90 என்று அதிலேயே போட்டிருக்கும். கண்மதிப்பில் ஊற்றவே ஊற்றாதீர்கள். 5 மில்லி சாறு கூடினால் முகம் சுளிக்கும், 5 மில்லி பாகு கூடினால் சர்பத் ஆகிவிடும். குலுக்குவதற்குப் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் அகன்ற வாய் ஸ்டீல் பாட்டில் அருமையானது. பாதிக்கு மேல் ஐஸ் போட்டு, மூடியை இறுக்கி, பதினைந்து விநாடி பலமாகக் குலுக்குங்கள். பாட்டிலின் வெளிப்பக்கம் வெண்மையாகப் பனி பூத்து, பிடித்த விரல் மரத்துப்போகும். அப்போது நிறுத்தி டீ வடிகட்டியில் வடிகட்டுங்கள். ஐஸில் இருந்து கரைகிற தண்ணீரும் இந்தப் பானத்தில் ஒரு சேர்மானம். 100 மில்லி ஊற்றினால் கிட்டத்தட்ட 130 மில்லி வெளியே வரும். ரம்மின் காட்டத்தை அடக்குவது அந்த 30 மில்லிதான். ஐஸைச் சிக்கனம் பிடித்தால் அது சீக்கிரம் கரைந்து பானம் சப்பென்று ஆகிவிடும். நிறையப் போட்டால்தான் குறைவாகக் கரையும். சோடாவையோ கோலாவையோ மட்டும் மூடிக் குலுக்கிவிடாதீர்கள், மூடி தெறித்துவிடும்.

இனி டார்க் ரம். டாஸ்மாக்கில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். 1954இல் இருந்து வரும் ஓல்டு மாங்க் அந்த வகை, ஆல்கஹால் 42.8 சதவீதம். இதற்குச் சீனியைவிடக் கருப்பட்டி பொருந்தும் என்பது என் தீர்மானமான கருத்து. கரும்புப் பாகுக் கழிவில் இருந்து வந்த ரம்முக்கும் பனையில் இருந்து வந்த கருப்பட்டிக்கும் ஒரே மாதிரி அடிவாசம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். தட்டி, சம அளவு தண்ணீரில் கரைத்து, மண் அடியில் தங்கியதும் துணியில் வடிகட்டி வையுங்கள்.

அந்தப் பாகை வைத்துப் பெர்முடா தீவுக்காரர்கள் ஜிஞ்சர் பியர் என்ற இஞ்சிச் சோடாவில் செய்யும் டார்க் அண்ட் ஸ்டார்மியை நம் வழியில் செய்யலாம். இங்கே ஜிஞ்சர் பியர் தேடி அலைய வேண்டாம். இஞ்சியை இடித்துப் பிழிந்து பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவதை விட்டுவிட்டு மேல்சாறை மட்டும் எடுங்கள், நம் வீடுகளில் கஷாயத்துக்குச் செய்வது போல. ஐஸ் நிறைத்த கிளாஸில் அந்தச் சாறு 10 மில்லி, கருப்பட்டிப் பாகு 20, எலுமிச்சை 10, சோடா 120 மில்லி. கடைசியாக 60 மில்லி ரம்மைக் கரண்டியின் முதுகில் மெதுவாக விட்டால் மேலே கருமேகம் போல நிற்கும். ஐப்பசி மழை நாளில் இதைவிட எனக்குப் பிடித்த ரம் பானம் கிடையாது.

பதநீர்க் காலத்தில் அதையே ஊற்றிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பதநீரில் சுண்ணாம்பு இருக்கிறது. அது எலுமிச்சையின் புளிப்பை முறித்துவிடும். பதநீரைத் தனியாகக் குடியுங்கள், அதற்குத் துணை தேவையில்லை.

உங்கள் ஊரில் தோப்புத் தோப்பாகத் தென்னை இருக்கும்போது பினா கொலாடாவை விடக் கூடாது. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில், கரீபே ஹில்டன் ஹோட்டலில் 1954இல் ரமோன் மர்ரேரோ என்ற பார்மேன் உருவாக்கினார் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட வரலாறு. 1978இல் அந்தத் தீவு இதைத் தன் தேசிய பானமாக அறிவித்தது. அங்கே டின்னில் வரும் இனிப்புத் தேங்காய் க்ரீம் போடுவார்கள். நமக்கு முதல் பால் இருக்கிறது. முற்றிய தேங்காய் ஒன்றைத் துருவி, அரை டம்ளர் வெந்நீர் மட்டும் விட்டு அடித்துப் பிழிந்து, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே திரண்டு நிற்கும் கெட்டிப் பால்தான் வேண்டும். அது 45 மில்லி, வடிகட்டிய அன்னாசிச் சாறு 90, ரம் 60, கருப்பட்டிப் பாகு 15. இதற்கு மட்டும் உங்கள் மிக்ஸியை எடுங்கள். ஒரு கை ஐஸோடு நுரை வர அடித்து உடனே குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் பால் தனியாகப் பிரிந்துவிடும். கீழக்கரைத் தொதல் சாப்பிட்டவர்களுக்குத் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். இங்கே அன்னாசி அதற்கு ஒரு புளிப்பைக் கொடுக்கிறது.

கியூபா லிப்ரேவுக்குச் சொல்ல அதிகம் இல்லை. 60 மில்லி ரம், 120 மில்லி நன்றாகக் குளிர்ந்த கோலா, அரை எலுமிச்சை. அந்த அரை எலுமிச்சையை விட்டுவிட்டால் அது வெறும் ரம்மும் கோலாவும்தான். மாய் தாய் என்ற ரம் காக்டெய்லுக்கு ஆரஞ்சுத் தோல் மதுவான கியுராசாவும் பாதாம் சிரப்பும் வேண்டும், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இனிப்பும் புளிப்பும் மதுவின் காட்டத்தை மறைத்துவிடும், உடம்பில் சேரும் ஆல்கஹாலை அது குறைக்காது. ஒரு கிளாஸில் 60 மில்லி ரம், அதில் 25 மில்லி சுத்த ஆல்கஹால். ஜூஸ் போல இறங்குகிறதே என்று நான்கு கிளாஸ் குடித்தால் ஒன்றேகால் குவார்ட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கும். ஆளுக்கு இரண்டு கிளாஸ், இடையில் ஒரு சொம்பு தண்ணீர், சாப்பிட்டுக்கொண்டே. அன்றைக்கு வண்டிச் சாவியும் படகுச் சாவியும் குடிக்காதவர் கையில் இருக்கட்டும். சர்க்கரை, ஈரல் தொந்தரவு, மாத்திரை எடுப்பவர்கள் தொட வேண்டாம். 21 வயது ஆகாத பையன்களுக்கு ஒரு வாய்கூட ஊற்றாதீர்கள், சட்டமும் அதுதான்.

ஆறு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு இரண்டு என்றால் 12 கிளாஸ், ஒரு ஃபுல் பாட்டில் சரியாக இருக்கும். எலுமிச்சை பதினைந்து, மூன்று கிலோ ஐஸ், எட்டு சோடா. ஐஸை இரண்டு நாள் முன்பே ட்ரே ட்ரேயாக உறைய வைத்து ஒரு கவரில் சேர்த்துக் கட்டி வையுங்கள். அண்ணியும் அம்மாவும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். அந்த இஞ்சி, கருப்பட்டி, எலுமிச்சையில் ரம் மட்டும் விட்டுவிட்டு சோடாவை நிறைய ஊற்றி, முதல் கிளாஸை அவர்களுக்குக் கொடுங்கள்.