எம்ஆர்ஐ ரிப்போர்ட்டும் ராத்திரி தூக்கமும்

நண்பரே, முட்டி எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல "மெனிஸ்கஸ் கிரேடு 2"ன்னு பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை, 45 வயசுலயே நடை நின்னுடுமோன்னு எழுதியிருக்கீங்க. மெனிஸ்கஸ்ங்கிறது முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்குற ஜவ்வு. கிரேடு 2ன்னா அந்த ஜவ்வுக்குள்ள தேய்மானம், மேற்பரப்பு வரைக்கும் கிழியலைன்னு அர்த்தம். கிழிஞ்சாலும் எல்லாருக்கும் வலிக்கிறதில்லை. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர்க்காரங்களை வெச்சு 2008-ல் வந்த ஆய்வுல, ஜவ்வு கிழிஞ்சிருந்தவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு முந்தின ஒரு மாசம் வலியே இல்லை.

எனக்கும் மாடிப்படி இறங்கும்போது 'கடக்'னு சத்தம் வரும். ராத்திரி 2 மணிக்கு மொபைலில் தேடித் தேடி, மனசுக்குள்ளயே ஆபரேஷன் தேதி வரை போயிட்டேன்! பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணுற பயிற்சிதான் செஞ்சேன். மூணு மாசத்துல சத்தம் போகலை, பயம் போச்சு.

முட்டி பாதியில மாட்டிக்கிட்டாலோ, சட்டுன்னு வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்க.