அண்ணனுக்கு எத்தனை பிள்ளைகள்?

கேள்வி: ஆண், பெண் என்ற இரண்டு பாலினங்களை மட்டுமே ஏற்போம் என்று அமெரிக்க அரசே அறிவித்துவிட்டது. நம் நாட்டில் மட்டும் திருநங்கையருக்குத் தனிச் சட்டமும் உரிமையும் எதற்கு? இதைப் பற்றி எங்கள் வீட்டில் நாள்தோறும் வாக்குவாதம். நீங்கள் எந்தப் பக்கம்?

அமெரிக்க அதிபரின் ஆணைக்காக எந்த வீட்டிலும் நாள்தோறும் சண்டை நடக்காது என்பது என் அனுபவம். உங்கள் குடும்பத்திலோ நெருங்கிய சொந்தத்திலோ ஒரு பிள்ளை இருக்கிறது, அந்தப் பிள்ளையைப் பற்றி நேராகப் பேச முடியாமல்தான் அமெரிக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் ஆவண எழுத்தர். தாமிரபரணிக் கரையில் உள்ள ஓர் ஊரில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சிறிய அறையில் அமர்ந்து, 27 ஆண்டுகளாகக் கிரையம், ஒத்தி, பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று எழுதிப் பிழைக்கிறேன். எங்களைத் தரகர் என்று நினைப்பவர்களே அதிகம். நாங்கள் நிலத்தை விற்பதில்லை; விற்றதை எழுதுகிறோம். சர்வே எண்ணின் உட்பிரிவில் ஓர் எழுத்து மாறினால் மூன்று தலைமுறை நீதிமன்றப் படியேறும் என்ற பயத்தோடு எழுதுகிறோம். எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினன் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இந்தப் பதிலைப் படித்து என்னை ஒரு பக்கத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்கு அது பயன்படும்.

என் மூத்த அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிள்ளையை ஆண் என்றே வளர்த்தோம். 2009-ஆம் ஆண்டு, 18 வயதில், அண்ணனின் அடி தாங்காமல் அந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டது. மும்பையில் இருப்பதாக ஒருவர் சொன்னார். பெங்களூரில் கடை கேட்பதைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். கடை கடையாகக் கைதட்டிக் காசு வாங்குவதைத் திருநங்கையர் அப்படித்தான் சொல்வார்கள். தேடிப் போக ஒருவரும் புறப்படவில்லை. அந்த ஏக்கத்தோடே மதினி 2014-இல் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் 2017-இல் இறந்தார். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் மூன்று கோட்டை விதைப்பாடு நஞ்சையும் (கோட்டை எங்கள் பக்கத்து நெல் அளவு; அவ்வளவு விதை விதைக்கும் நிலம் ஒரு கோட்டை விதைப்பாடு) ஒரு வீடும் மிஞ்சின. வாரிசுச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்தபோது, இறந்தவருக்கு இரண்டு மகன்கள் மட்டுமே என்று மூத்தவன் சொன்னான். அதற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

பொய்ச் சாட்சி சொன்னவன் இன்று நியாயம் பேச வந்துவிட்டான் என்று எழுதப் போகிறவர்கள் எழுதட்டும். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத பிள்ளைக்காகச் சான்றிதழ் நின்றுபோகக் கூடாது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைக் காரணம் இல்லை. அந்தப் பெயரை ஓர் அரசு அலுவலர் முன்னால் சொன்னால், அடுத்த கேள்வியாக “அவர் எங்கே இருக்கிறார்” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

2021 ஐப்பசியில், மழை பிடித்திருந்த ஒரு மாலையில், என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த பெண்ணை நான் பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். அவள் முந்தானைக்குள் வைத்திருந்த பாலித்தீன் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய விசாரணை வாக்குமூலத்தின் நகல் அது. கடைசியில் என் கையெழுத்து. போதாக்குறைக்கு, தொழில் பழக்கத்தில், கையெழுத்தின் கீழே என் உரிம எண்ணையும் எழுதியிருந்தேன்.

“எனக்குப் பேச்செல்லாம் வேண்டாம் சித்தப்பா. ஒரு கோட்டை விதைப்பாடு என் பங்கு. அதை எழுதித் தாங்க” என்றாள்.

அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்த எனக்கு அந்தக் கணக்கு வழக்குப் பேச்சுதான் பெரும் அடியாக விழுந்தது. அப்போது அவள் கோவில்பட்டிப் பக்கம் இரண்டு பசு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அங்கே மந்தித்தோப்பில் 2020-இல் திருநங்கையருக்கென்றே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்து இவளும் மாடுகளைக் கூட்ட நினைத்தாள். அதற்குக் கையில் முதல் வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்ட ‘உரிமை’.

உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் எங்கள் வீட்டிலும் அன்று தொடங்கியது. மூத்தவன் படிக்காதவன் இல்லை. அவன் கேட்ட கேள்வியை ஒரு வழக்கறிஞரும் பாராட்டுவார். “மகனும் இல்ல, மகளும் இல்லன்னு அவனே கலெக்டர்கிட்ட கார்டு வாங்கியிருக்கான். சட்டத்துல மகன், மகள்னுதானே இருக்கு? அப்போ இவனுக்கு எந்தப் பங்கு?” என்றான். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் முதல் வகுப்பு வாரிசுகளை மகன், மகள், விதவை, தாய் என்ற சொற்களால்தான் வரிசைப்படுத்துகிறது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலோ, குடும்பத்தோடு ஒரே வீட்டில் வசிக்கும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறதே தவிர, வாரிசுரிமை பற்றி ஒரு வரியும் இல்லை. உத்தரப்பிரதேசம் 2020-இல் தன் வருவாய்ச் சட்டத்தைத் திருத்தி, விவசாய நிலத்தில் மூன்றாம் பாலினத்தவருக்கும் வாரிசுரிமை உண்டு என்று எழுதிக்கொண்டது. எங்கள் வழக்கில் அது உதவாது.

ஆனால் அவன் கேள்விக்கு விடை அவன் சொன்ன சொற்களிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம பங்கு உண்டு. நாடு முழுவதற்கும் அது 2005-இல் வந்தது. ஆகவே அந்தப் பிள்ளையை நீ மகன் என்று வாதாடினால் மூன்றில் ஒன்று, அவள் மகள் என்று வாதாடினாலும் மூன்றில் ஒன்று, இரண்டில் எது என்ற சண்டையை நீங்கள் ஆயுள் முழுக்கப் போட்டுக்கொள்ளலாம், நிலத்தின் அளவு மாறப்போவதில்லை என்றேன். அவன் பதில் பேசவில்லை, கையெழுத்தும் போடவில்லை. இளையவன் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறான். திருநங்கையருக்கு ஆதரவாகப் பேசுகிறவன். ஆனால் தன் பாதியை வங்கியில் ஈடு வைத்திருந்ததால், இருவரும் முன்பு செய்துகொண்ட பாகப்பிரிவினையை ரத்து செய்வது “நடைமுறைக்கு ஒத்துவராது” என்றான். கொள்கையில் எதிரெதிராக நின்ற அண்ணன் தம்பி இருவரும் எட்டு மாதம் இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். அவள் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ்தான் இருவரையும் அசைத்தது.

என் மனைவியின் எதிர்ப்பு வேறு வகை. பங்கு கொடுப்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. கல்யாண வீட்டில் பெண்பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குள் அவளை விடுவதா என்பதுதான் அவள் கேள்வி. அந்தக் கூச்சத்தைப் பிற்போக்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. எனக்கும் தயக்கங்கள் உண்டு. ஒருவர் தம்மை என்னவாக உணர்கிறாரோ அதுவே அவர் பாலினம், அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தபோது, ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாக உள்ள நான் மிரண்டுதான் போனேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டம், இயற்றப்பட்டபோது, மாவட்ட ஆட்சியரிடம் ‘திருநர்’ சான்றிதழ் பெறச் சொன்னது. அதன் பிறகு ஆண் அல்லது பெண் என்று மாற்றிப் பெற அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்கான மருத்துவச் சான்று கேட்டது. இது 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கே விரோதம் என்று திருநர் இயக்கத்தினர் பலர் சொன்னார்கள். இந்த அளவு தளர்வே அதிகம் என்று அண்ணனின் மூத்த மகனைப் போன்றவர்கள் சொன்னார்கள். என் அண்ணன் பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறாள், அறுவை செய்துகொண்டாளா என்று கருத்துப் பெட்டியில் கேட்க வேண்டாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

இனி அமெரிக்காவுக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் ஆணை 2025 ஜனவரி 20 அன்று, அதிபர் டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே வந்தது. அது அந்நாட்டுக் கூட்டாட்சி அரசின் நிர்வாகத்துக்கு இட்ட கட்டளை. பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று, அங்குள்ள சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்ற சொல் பிறப்புப் பாலினத்தையே குறிக்கும் என்றது. ஆனால் திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவு அப்படியே இருக்கிறது என்பதையும் அதே தீர்ப்பில் சொன்னது. இரண்டாவது பாதியை மூத்தவன் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் காணவில்லை. பெண்கள் ஓட்டப்பந்தயத்தில் யார் ஓடலாம் என்பதை 2023-இல் உலகத் தடகள அமைப்பு முடிவு செய்தது. அதில் எனக்குக் கருத்துச் சொல்லும் அறிவு இல்லை. இந்தியாவில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று நம் பக்கத்து வழக்கிலேயே தீர்ப்பு உண்டு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. பதிவுத் துறையை நம்பிப் பிழைக்கும் எங்களுக்கு எந்த அதிபரின் ஆணையைவிடவும் இதுதான் கிட்டத்தில் உள்ளது.

பத்திரம் எழுத உட்கார்ந்தபோது சண்டை முழுவதும் ஒரே சொல்லில் வந்து நின்றது. எங்கள் நடையில் ‘இன்னார் குமாரர்’, ‘இன்னார் குமாரத்தி’ என்று எழுதாமல் ஒரு வரியும் நகராது. குமாரர் என்றால் அவள் கையெழுத்திட மாட்டாள். குமாரத்தி என்றால் மூத்தவன் இட மாட்டான். பொதுவாகப் ‘பிள்ளை’ என்று எழுதினேன். திருநெல்வேலிச் சீமையில் பெயரை ஒட்டிப் பிள்ளை என்று வந்தால் அதைச் சாதி என்றுதான் வாசிப்பார்கள் என்று என் உதவியாளர் சிரித்த பிறகு அதையும் அடித்தேன். முடிவில் இப்படி எழுதினேன்: முதலில் அவள் இன்றைய பெயர், அதை அடுத்து ‘முன்னர் இன்ன பெயரால் அழைக்கப்பட்டவரும்’ என்று பழைய பெயர், அதன் பின் ‘காலஞ்சென்ற இன்னாரின் குமாரத்தியுமான’. பழைய பெயர் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பள்ளிச் சான்றும் புதிய வாரிசுச் சான்றும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று காட்ட அது வேண்டும் என்று விளக்கினேன். குமாரத்தி மூத்தவனுக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. 2022 ஆடிக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை பதிவு முடிந்தது. ரேகைக் கருவியில் அவள் பெருவிரலை வைத்தபோது, சாணமும் தீவனத் தூசியும் ஏறிக் காய்த்துப் போயிருந்த விரல் மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை, கைக்குட்டையால் துடைத்துவிட்டு நான் அழுத்திப் பிடித்த பிறகு எடுத்தது.

ஆகவே எந்தப் பக்கம் என்று கேட்டால், அவள் பங்கை எழுதிக் கொடுத்த பக்கம் என்றுதான் சொல்ல முடியும். மற்றவற்றில் என் மனைவியோடு இன்னும் பேசி முடிக்கவில்லை. எழுத்தில் ‘அவள்’ என்று வருகிற எனக்குப் பேச்சில் இன்றும் ‘அவன்’ என்று தவறி வந்துவிடுகிறது. அவள் ஒவ்வொரு முறையும் திருத்துகிறாள். மூத்தவன் திருத்திக்கொள்வதே இல்லை. ஆனால் அவள் பங்கு வயலையும் அவன்தான் குத்தகைக்குப் பயிரிடுகிறான், ஏனென்றால் நடுவே வேறு ஆள் புகுந்தால் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை வரும். இந்தப் பிசான நெல் அறுவடையில் அரைக் கோட்டை நெல் குறைத்து அளந்துவிட்டான் என்று நேற்று இரவு போனில் அவள் என்னிடம் சத்தம் போட்டாள். பழுது நெல்லைக் கழித்ததாக அவன் சொல்கிறான். இருவரையும் ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.